டிரைவர் கோமதிநாயகம் கீழே இறங்கவில்லை

தென்காசி பஸ் ஆபீஸில் காலை வண்டிகளுக்கு நேரம் குறித்துக்கொண்டிருந்தேன். சங்கரன்கோவிலில் இருந்து வந்த முதல் பஸ்ஸின் டிரைவர் இறங்கி என் மேஜைக்கு வந்தார். வழக்கமாக அவரே பென்சிலை எடுத்துக் கையெழுத்துப் போடுவார். அன்று எடுக்கவில்லை.

"நம்ம நாயகம் அண்ணாச்சி நேத்து தவறிட்டாக" என்றார்.

நான் முதலில் கேட்டது, "ரோட்டுலயா?" என்றுதான்.

"இல்ல, வீட்டுலதான். மூணு நாளாக் காய்ச்சல். மத்தியானம் கஞ்சி குடிச்சிட்டுப் படுத்தாக. பொறவு எந்திரிக்கல."

அந்த நேரத்தில் என் நெஞ்சில் முதலில் வந்தது துக்கம் அல்ல, நிம்மதி. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் நடந்தது அதுதான். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் மோட்டார் ஓட்டிய ஒரு மனிதர், தன் வீட்டில், தன் பாயில், யார் கையாலும் எந்த வண்டியாலும் அடிபடாமல் கண்ணை மூடியிருக்கிறார். அது தெரிந்த பிறகுதான் அழுகை வந்தது.

அடுத்த வண்டியில் சங்கரன்கோவில் போய்ச் சேர்ந்தேன். தெரு முனையிலேயே கூட்டம். ராயகிரியில் இருந்தும் சிவகிரியில் இருந்தும் பஸ் ஏறி வந்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அவருடைய முழுப்பெயர் கூடத் தெரியாது. "நம்ம டிரைவர்" என்றுதான் சொன்னார்கள். உள்ளே அவருடைய மனைவி வள்ளியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் சொன்னதை என்னால் மறக்க முடியாது.

"தம்பி, தினம் பொழுது சாயுற நேரம் இந்தத் தெருவுல அவுக செருப்புச் சத்தம் கேக்குற வரைக்கும் எனக்கு உசுரு உசுரா இருக்காது. எத்தனை வருசம். ஒரு நாள் கூட வராம இருந்ததில்ல, தம்பி. எல்லா நாளும் வந்துட்டாக."

"ஆமா மைனி, எல்லா நாளும் வந்துட்டாக" என்றேன்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் அவர் ஓட்டிய பஸ்ஸில் போயிருப்பீர்கள். அவருடைய முதுகைத்தான் அதிகம் பார்த்திருப்பீர்கள். ஒல்லியான சின்ன உடம்பு. காக்கிச் சட்டையின் கழுத்துப் பித்தானை வெயில் நாளிலும் போட்டிருப்பார். குரல் உயராது. மற்ற டிரைவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'ஆமை'. அது அவருக்கும் தெரியும். ஷெட்டில் யாராவது "ஆமை வந்தாச்சா?" என்று கேட்டால், "வந்தாச்சு, தண்ணி ஊத்திட்டு வாரேன்" என்று அவரே பதில் சொல்லிவிட்டு ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றப் போவார். இந்த ஆபீஸ் வேலைக்கு வருமுன் நான் எட்டு வருஷம் அவருடைய கண்டக்டர். அவரைவிட நாலைந்து வயது இளையவன். கோபத்தில் மட்டும் அவரைவிடப் பத்து மடங்கு மூத்தவன்.

நான் அவரோடு சேர்ந்தது உலகச் சண்டைக் காலத்தில். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸின் பின்னால் அடுப்புக் கட்டி, கரியைப் போட்டு அந்தப் புகையில் ஓட்டிய காலம். வண்டி ஒரு தடவை நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. ஒரு நாள் மத்தியானம், சங்கரன்கோவிலில் ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் நிறையப் பேர் வண்டியில் இருந்தார்கள். எதிரே பருத்தி மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி நடு ரோட்டில் வந்தது. வண்டிக்காரர் மூட்டையில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மாடுகள் தாமாக நடந்து வந்தன. ஹாரன் அடிக்க அடிக்க அவர் அசையவில்லை. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். நான் இறங்கிப் போய் அந்த ஆளை இழுத்துக் கீழே போடுவதாகச் சொன்னேன்.

அண்ணாச்சி வண்டியை நிறுத்தி, தானே இறங்கினார். மாடுகளின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, மெதுவாக ஓரத்துக்கு நடத்திக்கொண்டு போய் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினார். வண்டிக்காரரை எழுப்பவே இல்லை. பிறகு அரைமணி நேரம் அடுப்பைக் கிளறி வண்டியைக் கிளப்பினோம். நல்லவேளையாக ரயிலும் அன்று தாமதம். எல்லோரும் ஏறிவிட்டார்கள்.

"எழுப்பி ரெண்டு வார்த்த கேட்டிருக்கலாம்லா அண்ணாச்சி" என்றேன்.

"தூங்குதவன் நம்மளப் பகைச்சா படுத்திருக்கான்? ராவெல்லாம் வண்டி அடிச்சு வந்திருப்பான் வே" என்றார்.

ரோட்டில் நமக்கு எதிராக நடக்கும் எதையும் அவர் தனக்கு எதிராக நடந்ததாக எடுத்துக்கொள்ளமாட்டார். எனக்கு எல்லாமே என் முகத்தில் துப்பியதுபோல இருக்கும்.

அதே வழித்தடத்தில் வேறொரு கம்பெனியின் பஸ்ஸும் ஓட ஆரம்பித்தபோது அவருக்கு ஒரு சோதனை வந்தது. அந்த டிரைவர் எங்களை முந்திப் போய் அடுத்த ஊரில் ஆளை ஏற்றிக்கொள்வார். முந்தும்போது எங்கள் பக்கம் திரும்பிச் சிரிப்பார். நான் பின்படியில் நின்று "விடாதீங்க அண்ணாச்சி, விடாதீங்க" என்று கத்துவேன். அண்ணாச்சி வேகத்தைக் குறைத்து இடதுபக்கம் ஒதுங்கி, கையை வெளியே நீட்டி, "போங்க" என்று காட்டிவிடுவார். எங்கள் வண்டி பாதி காலியாக ஓடியது. முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். நானும் கூடப் போனேன்.

"உனக்குக் கை நடுங்குதா? இல்ல, வயசாயிட்டா?" என்று கேட்டார் முதலாளி.

"கை நல்லாத்தான் இருக்கு, முதலாளி. ரெண்டு வண்டியும் பக்கத்துல பக்கத்துல ஓடுனா, எதுக்கால வாரவன் எங்க போவான்?"

முதலாளிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஒரு மாதம் அவரை வழித்தடத்தில் இருந்து எடுத்து ஷெட்டில் டயர் கழற்றும் வேலைக்குப் போட்டார். அண்ணாச்சி போய் டயர் கழற்றினார். அவருக்குப் பதில் வந்த டிரைவரோடு நான் அந்த மாதம் முழுக்கப் பந்தயம் ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று தடவை உயிர் போய் வந்தது. மூன்றாவது தடவை ஒரு பாலத்துச் சுவரில் உரசி நின்றபோது, நானே முதலாளியிடம் போய், "நாயகம் அண்ணாச்சியத் திரும்பத் தாங்க முதலாளி, ஆமையா இருந்தாலும் பரவாயில்ல" என்று கேட்டேன். சுவரில் உரசிய பஸ்ஸை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு அவரும் ஒத்துக்கொண்டார். ஆனால் அப்போதும் நான் திருந்தவில்லை. வேகம்தான் ஆபத்து என்று நினைத்தேன். என் வாயும் ஆபத்து என்பது எனக்குத் தெரிய இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று.

சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். ஐப்பசி மாதம், காலை நேரம். சங்கரன்கோவிலில் இருந்து ராயகிரி வழியாகச் சிவகிரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். முந்தின நாள் நல்ல மழை. நடுவில் ஒரு வண்டி போகிற அளவுக்குச் சரளை ரோடு. இரண்டு ஓரமும் கரிசல். மழையில் ஊறிய கரிசலில் சக்கரம் இறங்கினால் பஸ் சாய்ந்துவிடும். வண்டியில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். முன் பெஞ்சில் நிறைமாத கர்ப்பிணி ஒருத்தி, தாய் வீட்டுக்குப் போகிறவள், தன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் புளியங்குடி எலுமிச்சை வியாபாரி மைதீன் பாய்.

ராயகிரி தாண்டியதும் பின்னால் ஒரு ஜீப் வந்தது. பட்டாளத்து ஏலத்தில் அப்போது ஜீப்புகள் மலிவாக வந்துகொண்டிருந்தன. பெரிய பண்ணைக்காரர்கள் வாங்கி வைத்திருந்தார்கள். ஓட்டி வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். விடாமல் ஹாரன் அடித்தார். அண்ணாச்சி கையை வெளியே நீட்டி, பொறுங்கள் என்று காட்டினார். ஒதுங்க இடமில்லை என்பது கண்ணுள்ள எவருக்கும் தெரியும். அதற்குள் எங்கள் சக்கரத்துச் சேறு அவருடைய கண்ணாடியில் அடித்திருக்கிறது. அவர் தலையை வெளியே நீட்டினார்.

"வழிய விடுலே. ரோடு என்ன உங்கப்பன் போட்டதா?"

நான் பின்படியில் நின்றுகொண்டிருந்தேன். "ஆமா, எங்கப்பன்தான் போட்டான். அவசரம்னா பறந்து போ" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். அவருடைய அப்பனையும் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது.

முன்னால் இருந்து அண்ணாச்சி திரும்பாமலே கேட்டார்: "வே லிங்கம், பின்னால யாருகிட்ட பேசுதீரு?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்று பொய் சொன்னேன்.

கொஞ்ச தூரத்தில் ஒரு ஓடைப்பாலம். அதற்கு முன்னால் ரோடு சற்று அகலம். அண்ணாச்சி அங்கே ஒதுங்கி வழி விட்டார். ஜீப் எங்கள் பஸ்ஸை உரசிக்கொண்டு முந்தியது. போய்விட்டது என்று நினைத்தேன். பாலத்தைத் தாண்டி முப்பது நாற்பது கஜத்தில் ரோட்டுக்குக் குறுக்கே திருப்பி நின்றுவிட்டது.

அண்ணாச்சி அதன் அருகே போகவில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கமே, நல்ல இடைவெளி விட்டு நிறுத்தினார். என்ஜினை அணைக்கவில்லை.

"வே, கதவ அடைச்சிட்டு உள்ள வாரும். ஒரு ஆளும் எறங்க வேண்டாம். யாரும் அவரு கூடப் பேசவும் வேண்டாம்."

ஜீப்பில் இருந்து அந்த மனிதர் இறங்கி நடந்து வந்தார். கையில் ஜாக்கி சுற்றும் இரும்புக் கம்பி இருந்தது. மைதீன் பாய் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"நாலு பேரு எறங்குனா அவன் ஓடிருவான், நாயகம்."

"ஓடுனா நல்லதுதான் பாய். ஓடலன்னா? வண்டியில புள்ளத்தாச்சி இருக்கு."

பாய் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். பாய் உட்கார்ந்துவிட்டார். நான் உட்காரவில்லை. கதவுப் பிடியில் கை வைத்தேன். அண்ணாச்சி முன்கண்ணாடியைப் பார்த்தபடியே, குரலை உயர்த்தாமல் எனக்குச் சொன்னார்:

"நீரு எறங்குனா அது சண்ட. எறங்கலன்னா ஒரு ஆளு தனியா நின்னு கத்துதாரு, அம்புட்டுத்தான்."

வந்தவர் முதலில் ஹெட்லைட்டில் அடித்தார். கண்ணாடி நொறுங்கி விழுந்தது. பிறகு டிரைவர் பக்கம் வந்தார். அண்ணாச்சி இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல், அவருக்குத் தெரிகிற மாதிரி வைத்திருந்தார். அந்த மனிதரின் கண்ணை அவர் பார்க்கவில்லை. சட்டைப் பித்தானைப் பார்த்துப் பேசினார்.

"எறங்குலே கீழ" என்றார் அவர்.

"ஐயா, நேரமாயிருக்கும் உங்களுக்கு. ஒதுங்க எடமில்லாமப் போச்சு. சேறு வேற அடிச்சிருக்கு. தப்புதான்."

"உன் கண்டக்டர வெளிய அனுப்பு. அவன் வாய ஒடைக்கணும்."

அண்ணாச்சி அப்போதுதான் நான் பேசியிருக்கிறேன் என்று தெரிந்துகொண்டார். என் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

"அவன் சொன்னது தப்பு. அதுக்கும் நானே மன்னிப்பு கேட்டுக்கிடுதேன் ஐயா. அவன அனுப்ப முடியாது."

கம்பி ஓங்கியது. ஜன்னல் சட்டத்தில் பட்டு, அண்ணாச்சியின் வலது முழங்கையில் விழுந்தது. கர்ப்பிணியின் தாய் "ஐயோ" என்றார். அண்ணாச்சியிடம் இருந்து சத்தம் வரவில்லை. கையை உள்ளே இழுத்துக்கொண்டு, அதே குரலில், அவசரமே இல்லாமல் சொன்னார்:

"ஐயா, ஜீப்புல ஒரு வயசான அம்மா இருக்காக. எறங்கப் பாக்காக. சேத்துல வழுக்கிறப் போகுது, போய்ப் பிடிங்க."

அந்த மனிதர் திரும்பினார். நாங்களும் அப்போதுதான் பார்த்தோம். ஜீப்பின் பின்பக்கம் ஒரு பெரியம்மா, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைக் கீழே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். "ஏலே ராசா, வேண்டாம்லே, வாலே" என்று அவர் கூப்பிடுவது காற்றில் கேட்டது. கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாரோ.

அவர் கம்பியோடு இரண்டடி வைத்தார். நின்றார். பிறகு தன் தாயை நோக்கி ஓடினார்.

"வே, பின்னால போயிப் பாரும். ரிவர்ஸ் எடுக்கேன்" என்றார் அண்ணாச்சி.

இடைவெளி விட்டு ஏன் நிறுத்தினார், என்ஜினை ஏன் அணைக்கவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் பின்பக்கம் ஓடி, "வரலாம், வரலாம், கொஞ்சம் வலது" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என் குரல் கீச்சென்று வந்தது. அடிபட்ட கையோடு அவர், ஒரு வண்டி அகலமே உள்ள அந்த ரோட்டில், சக்கரம் கரிசலில் இறங்காமல், மூன்று பர்லாங்கு பின்னோக்கியே ஓட்டினார். ராயகிரிச் சந்தை முன்னால், ஜனம் நிறைந்த இடத்தில், டீக்கடையை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார்.

ஜீப் சிறிது நேரத்தில் வந்தது. பஸ்ஸைச் சுற்றி நின்ற ஐம்பது அறுபது பேரைப் பார்த்தது. நிற்காமல் சங்கரன்கோவில் ரோட்டில் போய்விட்டது. பின்னால் அந்தப் பெரியம்மா முக்காடு போட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகு பஸ்ஸுக்குள் எழுந்த சத்தத்தை எப்படிச் சொல்வது. சிரிப்பா அழுகையா தெரியவில்லை. கர்ப்பிணி கண்ணைத் திறந்து, "போயிட்டானாம்மா?" என்று கேட்டாள். "போயிட்டான் மக்கா, போயிட்டான்" என்று அவள் தாய் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். மைதீன் பாய் பஸ்ஸின் மேலே ஏறி ஒரு மூட்டையைப் பிரித்தார். டீக்கடையில் ஒரு குடம் தண்ணீரும் உப்பும் வாங்கி, எலுமிச்சம்பழத்தை அறுத்து அறுத்துப் பிழிந்து, வண்டியில் இருந்த அத்தனை பேருக்கும் கொடுத்தார். அதைவிட ருசியான தண்ணீரை நான் இன்றுவரை குடித்ததில்லை.

அண்ணாச்சிக்கு நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இன்னும் டிரைவர் இடத்தில்தான் இருந்தார். தம்ளரை வாங்கப் போனவருக்குப் பிடிக்க முடியவில்லை. இரண்டு கையும் அப்படி ஆடின. தண்ணீர் சட்டையில் சிந்தியது.

"ரொம்ப வலிக்கா அண்ணாச்சி?"

"வலி இல்ல வே. பயம். அங்கன பயப்பட நேரமில்ல. அதான் இங்கன வந்து நடுங்குது."

நான் தம்ளரைப் பிடித்து அவருக்குக் குடிக்கக் கொடுத்தேன். ஒரு பயணி, "நேரமாச்சு, கிளம்பலாமா?" என்று கேட்டார். அண்ணாச்சி கையை அவருக்குக் காட்டினார்.

"இது நிக்கட்டும் ஐயா. நின்ன பொறவு கெளம்புவோம்."

முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. சிவகிரி போனதும் போலீஸ் ஸ்டேஷன் முன்னால் வண்டியை நிறுத்தி, என்னை எழுதச் சொன்னார். நான் அந்த ஆளைப் பற்றி நாலு வரி காரமாக எழுதினேன். அவர் வாசித்துப் பார்த்து அடித்துவிட்டார். "நடந்தத எழுதும். ஜீப் நம்பர், எந்த எடம், என்ன ஒடஞ்சுது, யாருக்கு அடி. நீரு சொன்ன வார்த்தையையும் எழுதும்." எழுதினேன். அந்த ஒரு வரியை எழுதியதுதான் எனக்கு அன்று கிடைத்த அடி.

மறுநாள் ஷெட்டில் அவர் முழங்கையில் மஞ்சள் பற்று இருந்தது. பக்கத்தில் போய் நின்றேன். "நான் பேசினதுக்கு நீங்க ஏன் அண்ணாச்சி மன்னிப்பு கேட்டீக? என்ன எறங்கச் சொல்லியிருக்கலாம்லா?" என்றேன். அவர், அந்த எட்டு வருஷத்தில் அந்த ஒரு தடவைதான், தன் இளமைக்காலத்தைப் பற்றிச் சொன்னார்.

கொழும்பில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தாராம். ஒரு நாள் இன்னொரு லாரிக்காரன் அவரைத் திட்டிவிட்டு முந்தியிருக்கிறான். இவர் விடவில்லை. இரண்டு மைல் துரத்தி, பக்கத்தில் போய்த் திட்டிக்கொண்டே ஓட்டியிருக்கிறார். திருப்பத்தில் அவன் லாரி வாய்க்காலுக்குள் போய்விட்டது.

"நான்தான் எறங்கித் தூக்குனேன். மூச்சு இருந்துச்சு, பேச்சு இல்ல. தினம் ஆஸ்பத்திரி வாசல்ல போயி நிப்பேன். ஒன்பதாம் நாளு கண்ணத் தொறந்தான். என்னைப் பாத்து, 'நீயா?'ன்னு கேட்டான். அவன் பொழச்சுக்கிட்டான் வே. அவன் பொழச்சதாலதான் நானும் மனுசனா இருக்கேன். ஊருக்கு வந்துட்டேன்."

பிறகு பஸ்ஸின் அடியில் குனிந்து எதையோ பார்த்தபடி, "கோவம் வரத்தான் செய்யும். எனக்கு வரலன்னா நெனைக்கீரு? வண்டி ஓடுதப்போ அது வேண்டாம், அம்புட்டுத்தான்" என்றார்.

அவர் கோபமே இல்லாத மனிதர் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவர் தவறியபோது வீட்டுக்கு வந்த பலரும் அப்படித்தான் சொன்னார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். அவரைச் சாது என்று சொல்வது அவர் பட்ட பாட்டைக் குறைத்துச் சொல்வதாகும்.

ஜீப் விஷயம் எப்படி முடிந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். ஸ்டேஷனில் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள் என்று கேள்விப்பட்டோம். அந்த வழியில் அந்த ஜீப்பைப் பிறகு நாங்கள் பார்க்கவில்லை. ஒரு மாதம் கழித்து, சங்கரன்கோவிலில் காலை வண்டி புறப்படும் நேரம், ஒரு பெரியம்மா வந்து ஏறினார். மடியில் ஒரு துணிப் பொதியை இறுக்கிப் பிடித்திருந்தார். டிக்கெட் கொடுக்கப் போனவன் அடையாளம் கண்டுகொண்டு அப்படியே நின்றேன். அவரும் என்னைப் பார்த்தார்.

"நீதான் அந்த வாய்க்காரப் பயலா?"

"ஆமா பெரியம்மா."

"டிரைவரு எங்க?"

அண்ணாச்சி இறங்கி வந்தார். பெரியம்மா பொதியை அவிழ்த்தார். உள்ளே ஒரு புது ஹெட்லைட், கண்ணாடியோடு.

"அவனாக் கொண்டாரமாட்டான். வெக்கம். நான்தான் எடுத்திட்டு வந்தேன். அன்னைக்கு நீ எறங்கியிருந்தா, ரெண்டுல ஒருத்தன் செத்திருப்பான் ஐயா. எனக்கு ஒரே மகன்."

அண்ணாச்சி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "அவுக சௌக்கியமா இருக்காகளா, அம்மா?" என்று கேட்டார்.

"இருக்கான். இப்பம் மெதுவா ஓட்டுதேன்னுதான் சொல்லுதான். எனக்கு நம்பிக்கையில்ல. நான் இனிமே உன் பஸ்ஸுலதான் வருவேன்."

அப்படியே செய்தார். வாரம் ஒரு தடவையாவது ஏறுவார். முன் பெஞ்சில்தான் உட்காருவார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் வாயில் விரலை வைத்துக் காட்டிச் சிரிப்பார். அண்ணாச்சி தவறியபோது வீட்டு வாசலில் முதலில் வந்து நின்றவர்களில் அவரும் ஒருவர் என்று வள்ளியம்மாள் மைனி சொன்னார். கூட, நரைத்த மீசையோடு ஒருவர் வந்து, உள்ளே வராமல், தெருவிலேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போனாராம். மைனிக்கு அவர் யாரென்று தெரியாது. நானும் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து தென்காசி திரும்பிய மறுநாள், என் மனைவியைப் பின்னால் வைத்து சைக்கிளில் கடைத்தெருவில் இருந்து வந்துகொண்டிருந்தேன். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்து, எங்களை உரசுகிற மாதிரி வந்து, ஓட்டியவர் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னார். என் மனைவி கேட்கும்படியாகவே சொன்னார். பதில் என் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அப்படிப்பட்ட பதில்களுக்கு என்னிடம் ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை.

நான் சைக்கிளை நிறுத்தினேன். காலைத் தரையில் ஊன்றினேன். சாலையோரத்துப் புங்கமரத்தடிக்கு ஒதுங்கி நின்றேன். முகம் சுட்டது. காது இரைந்தது. எதுவும் சொல்லவில்லை. கார் போனது. அது திருப்பத்தில் மறைகிற வரைக்கும் நின்று, அதற்கு மேலும் சற்று நின்றேன்.

நாயகம் அண்ணாச்சி எனக்கு விட்டுப் போனது இதுதான். திட்டைக் கேட்டதற்கும் பதில் சொல்வதற்கும் நடுவே கொஞ்ச நேரம். அந்த நேரத்தை அவர் அடிபட்ட கையோடு எனக்கு உண்டாக்கிக் கொடுத்தார். என்னிடம் அது இன்னும் சிறியதாகத்தான் இருக்கிறது. சில நாள் தவறியும் விடுகிறது. ஆனால் இருக்கிறது.

"என்ன, போகலையா?" என்று கேட்டாள் என் மனைவி.

"போவோம்" என்று சொல்லிவிட்டு மிதித்தேன். அவள் பின்னாலிருந்து கத்தரிக்காய் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள்.